கடலெண்ணெய் வேலைக்கு முதற்படி எது?

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேப்பம்பட்டில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஃபிட்டராக இருப்பவர் அவர். மகன் இயந்திரவியலில் பி.இ. முடித்து ஓராண்டு ஆகிறது. கையில் வழவழப்பான ஒரு வண்ணத் துண்டறிக்கை. நீலக் கடல், நடுவே நெருப்பைக் கக்கும் இரும்புக் கோபுரம், மேலே ஒரு ஹெலிகாப்டர். அடியில் கொட்டை எழுத்தில், மாதம் மூன்று லட்சம் ரூபாய்!

"சார், கடல்ல எண்ணெய் எடுக்கிற வேலையாம். ரெண்டரை லட்சம் கட்டினா மூணு மாசம் டிரெயினிங் குடுத்து, சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்து, ரிக்குலயே ஏத்தி விட்டுடுவாங்களாம். இவங்க அம்மா நகையை வெச்சிடலாம்னு சொல்லுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார் நண்பர்.

பையன் பேசவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேதியியல் வாத்தியாருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என்னோடு எம்.எஸ்ஸி. படித்த நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் பம்பாய்க் கடலில் துளைச்சேற்றைக் கவனிக்கும் வேதியியலாளராக இருந்தார். விடுமுறையில் வரும்போதெல்லாம் அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு, ரிக்கைக் கண்ணால் காணாமலே அதன் மூலைமுடுக்குகளை ஓரளவு அறிந்துகொண்டேன். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் அன்று பேசினேன். இன்று நம் ஆண்டு மலரில் எழுதுவதும் அதே கருத்துதான். கடலெண்ணெய்த் துரப்பணம் நம் பிள்ளைகளுக்கு ஏற்ற தொழில், போகட்டும். ஆனால் பணம் கட்டி வாங்கும் சான்றிதழ் அதற்கு முதற்படி ஆகாது. நம் பகுதியின் பட்டறையில் கை அழுக்காகச் செய்யும் வேலையே முதற்படி. இதை ஏதோ பழமைவாதியின் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். காரணம் உண்டு, சொல்கிறேன்.

முதலில், அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1974 பிப்ரவரியில் மும்பைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மேற்கே, நடுக்கடலில், 'சாகர் சாம்ராட்' என்ற ரிக் எண்ணெய் கண்டது. ஜப்பானில் கட்டப்பட்ட ரிக் அது. கால்களைக் கடலடியில் ஊன்றி, உடலை அலைக்கு மேலே தூக்கி நிறுத்திக்கொள்ளும் வகை. அதிலிருந்து பிறந்ததுதான் பம்பாய் ஹை. 1976-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. அந்த ரிக் பிற்காலத்தில் துளைக்கும் பணியை விட்டு, எண்ணெய் உற்பத்தி மேடையாக மாற்றப்பட்டு, 2022-இல் மீண்டும் கடலுக்குத் திரும்பியது. ஒரு மனிதனின் உத்தியோக காலத்தை விட நீண்ட உத்தியோகம்! இத்தனை இருந்தும் இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இறக்குமதிதான் செய்கிறது. ஆகவே இந்த வேலைக்குத் தேவை உடனே தீர்ந்துவிடாது.

துளையிடும் விதம் கேட்பதற்கு எளிது. சுமார் முப்பது அடி நீளமுள்ள குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைத்து, நுனியில் பல்லுள்ள 'பிட்' மாட்டிச் சுழற்றி இறக்குகிறார்கள். குழாயின் உள்வழியே சேற்றைப் பம்பு செய்கிறார்கள். அது பிட்டின் துளைகள் வழியே பீறிட்டு வெளிவந்து, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே மேலேறி, அறுபட்ட கல்துகள்களைச் சுமந்துகொண்டு வருகிறது. இந்தச் சேறு ஆற்றோரத்துச் சேறு போன்றதன்று. பெண்டோனைட் களிமண்ணும் பேரைட் என்ற கனத்த தாதுவும் அளந்து கலந்தது. பேரைட் தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல் கனம். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆந்திராவில் கோடூர் அருகே மங்கம்பேட்டையில் உள்ள பேரைட் படிவம் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. நம் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்ப் பார்த்துத் திரும்பலாம். நம் வேதியியல் மாணவர்களுள் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

அந்தச் சேற்றின் கனம்தான் பூமிக்கு அடியில் அடைபட்டிருக்கும் எண்ணெயையும் வாயுவையும் கீழே அழுத்தி வைக்கிறது. கனம் குறைந்தால் அடியிலிருந்து வாயு கிணற்றுக்குள் புகும். மேலே தொட்டியில் சேற்று மட்டம் உயரும். அவர்கள் அதை 'கிக்' என்பார்கள். உடனே கிணற்று வாயிலுள்ள தடுப்பு வால்வுகளை மூடவேண்டும். மூடாவிட்டால் சேறும் வாயுவும் வானளாவப் பாயும். ஒரு பொறி போதும். 1995 ஜனவரியில் ஆந்திராவின் பாசர்லபூடியில் நிலத்துக் கிணறு ஒன்று இப்படிப் பற்றிக்கொண்டு 65 நாட்கள் எரிந்தது. நிலத்திலாவது ஓடித் தப்ப இடம் உண்டு. கடலில் எங்கே ஓடுவது?

இப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டியில் மட்டம் உயர்வதை முதலில் காண்பவர் யார்? பெரும்பாலும் மேலதிகாரி அல்லர். இரவு இரண்டு மணிக்குத் தொட்டி ஓரத்தில் நிற்கும் இளைஞன், அல்லது கருவி அறையில் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் புதிய பட்டதாரி. அவன் வாய் திறந்து "நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். தனக்கு முப்பது ஆண்டு மூத்த டிரில்லரிடம், ஒரு நாள் வாடகையே பெருந்தொகையான ரிக்கில் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். பின்னால் பார்த்தால் வெறும் தப்பெச்சரிக்கையாகவும் இருக்கலாம், எல்லாரும் சிரிக்கலாம். இருந்தும் சொல்ல வேண்டும். என் நண்பர் சொல்வார், தம் முதல் மூன்று மாதங்களில் மிகக் கடினமாயிருந்தது அலையும் அன்று, தூக்கமின்மையும் அன்று, அந்த ஒரு சொல்லை உரக்கச் சொல்லப் பழகியதுதான் என்று.

அது சொல்லப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் உண்டு. 1988 ஜூலை 6-ஆம் தேதி ஸ்காட்லாந்தையடுத்த வடகடலில் 'பைப்பர் ஆல்ஃபா' என்ற மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். பழுதுபார்ப்பதற்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பை, அந்தச் செய்தி சரியாகச் சென்று சேராததால் அடுத்த ஷிஃப்டில் ஓட்டிவிட்டார்கள். அனுமதிச் சீட்டு ஒன்று மேசை மாறிப் போனதன் விலை! இன்னும் கொடுமை கேளுங்கள். அந்த மேடை தீப்பற்றி எரிவது கண்ணுக்குத் தெரிந்தும், அதனோடு குழாயால் இணைந்திருந்த பக்கத்து மேடைகள் சிறிது நேரம் உற்பத்தியை நிறுத்தவில்லை. நிறுத்தும் துணிவு அங்கிருந்தோருக்கு எழவில்லை. கரையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

2010 ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்ஸிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' வெடித்து 11 பேர் இறந்தனர். கிணற்றின் அழுத்தச் சோதனை தவறான விடை காட்டியது. அதைச் சரியென்று பொருள்கொண்டு மேலே போனார்கள். யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்ற விதி அந்த ரிக்கில் இருந்தது. ஏட்டில் இருந்தது.

அதற்கு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அதே ஆண்டு மே 13-ஆம் தேதி, நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆபான் நிறுவனத்தின் 'ஆபான் பேர்ல்' ரிக் வெனிசுவேலாக் கடலில் மூழ்கியது. ரிக்கைத் தாங்கும் மிதவைப் பகுதியில் நீர் புகுந்துவிட்டது. ஆனால் கிணற்றை மூடிவிட்டு, இருந்த 95 பேரும் உயிரோடு வெளியேறினர். ரிக் போயிற்று, ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. பத்திரிகைகளில் இது சின்னச் செய்தியாக வந்து மறைந்தது. மனிதர் சாகாத விபத்துக்கு யார் மலர்வளையம் வைப்பார்கள்? என்னைக் கேட்டால், துரப்பணம் கற்கப் புகும் மாணவன் முதலில் படிக்கவேண்டிய பாடங்களுள் அது ஒன்று.

நம் கடலிலும் துயரங்கள் உண்டு. 2005 ஜூலை 27-ஆம் தேதி, காயமுற்ற ஒருவரை ஏற்றி வந்த கப்பல் மும்பை ஹை வடக்கு மேடையின் எரிவாயுக் குழாயில் மோதித் தீப்பற்றி 22 பேர் மறைந்தனர். 2021 மே மாதம் டவ்தே புயலில் பி-305 என்ற தங்குமிடப் படகு மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளிகள். வெல்டர்கள், ஃபிட்டர்கள், சமையற்காரர்கள். புயல் வருகிறது என்பது நாட்டுக்கே தெரியும். படகு கரைக்குத் திரும்பவில்லை. அந்தப் படகில் "போய்விடலாம்" என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ! நினைத்ததைச் சொல்லும் இடத்தில் அவர்கள் இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

நிற்க. நம்மைப் பற்றிச் சிறிது பேசலாம். வேப்பம்பட்டுக்காரர்களாகிய நாம் மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி வளர்ந்தவர்கள். வண்டி வருவதைக் கண்டும், "அது செவ்வாப்பேட்டையில்தான் இருக்கு" என்று தோளைக் குலுக்கிக்கொண்டு கடந்தவர்கள். நானும்தான். வகுப்பறையிலோ இதற்கு நேர்மாறான பயிற்சி; பேசாதே, கேள்வி கேட்காதே, சொன்னதை எழுது. எந்த அபாயத்துக்கும் அஞ்சாமையும், எந்தப் பெரியவருக்கும் அஞ்சுதலும் சேர்ந்த பிள்ளையை நாம் வளர்த்து, அவனை ரிக்குக்கு அனுப்ப ஆசைப்படுகிறோம். அங்கே வேண்டியது இரண்டும் தலைகீழாக அல்லவா!

இந்தக் குணத்தை மூன்று மாதப் பயிற்சியில் விற்க முடியுமா? துண்டறிக்கையில் இருந்த சான்றிதழ்களைப் பையனுக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். 'போசியட்' என்பது மூன்று நாள் பயிற்சி. தீயணைத்தல், உயிர்காப்புப் படகு, ஹெலிகாப்டர் நீரில் விழுந்து கவிழ்ந்தால் மூச்சடக்கிக் கதவு வழியே வெளிவருதல் முதலியன. நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. 2018 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி. அதிகாரிகள் ஐவரும் விமானிகள் இருவரும் சென்ற ஹெலிகாப்டர் மும்பைக் கடலில் விழுந்து எவரும் பிழைக்கவில்லை. 2022 ஜூனில் 'சாகர் கிரண்' ரிக் அருகே மற்றொன்று நீரில் இறங்கியபோது ஒன்பது பேரில் நால்வர் மாண்டனர், ஐவர் மீண்டனர். ஆகவே அந்தப் பயிற்சியின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வேலை கிடைக்காமல் வீட்டில் வைத்திருந்தால் காலாவதியாகிவிடும், மருந்துப் பாட்டிலைப் போல. வேலை தருகிற நல்ல நிறுவனங்கள் பலவும் தம் செலவிலேயே அந்தப் பயிற்சிக்கு அனுப்பிவிடும். கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழோ இரண்டே ஆண்டுதான். டிரில்லர் ஆகும் தறுவாயில் பெற வேண்டியது. ரிக் தளத்தில் கால் வைக்காதவனுக்கு அதை விற்பது, சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்கு லாரி லைசென்ஸ் விற்பது போலத்தான்.

பணம் கேட்கும் முகவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக முப்பதாயிரம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்; சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்திலும் விசாரிக்கலாம். கப்பலோட்டிகளை அமர்த்தும் முகவர்களோ, கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்கென்று கட்டணமே வாங்கக் கூடாது. இரண்டரை லட்சத்தில் 'பயிற்சி' எவ்வளவு, 'வேலை' எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொன்னாலே பாதி முகவர்கள் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

"அப்போ நான் எங்கேருந்து சார் ஆரம்பிக்கிறது?" என்று அப்போதுதான் பையன் வாய் திறந்தான்.

நல்ல கேள்வி. அரசு நிறுவனத்தின் வழி ஒன்று இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. துரப்பணப் பிரிவுக்கு இயந்திரவியல் பட்டதாரிகளையும் பெட்ரோலியப் பட்டதாரிகளையும் எடுக்கிறது. பல ஆண்டுகள் கேட் தேர்வு மதிப்பெண் வழியாகவே எடுத்தது. தொடக்க ஊதிய விகிதம் அறுபதாயிரத்தில் ஆரம்பிக்கிறது. நம் கல்லூரி மாணவர்களும் செவி சாய்க்கலாம். முதுகலையில் புவியியற்பியல், நிலவியல், வேதியியல் படித்தவர்களுக்கும் அங்கே அதே நிலையில் பதவிகள் உண்டு. பொறியியல் கல்லூரிக்குப் போகாததால் கடல் நமக்கு மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். என் நண்பர் போனது அந்த வழியில்தான். பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் வீடு. கடலில் இருக்கும் நாளெல்லாம் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தீபாவளி எந்தப் பதினான்கில் விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அந்தத் தேர்வில் இடம் கிடைப்பவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு? நம் மாவட்டத்தையே கொஞ்சம் கண் திறந்து பாருங்கள். மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில், கடலோரத்தில், எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானத் தளம் இருக்கிறது. கடலில் நிறுத்தும் எண்ணெய் மேடைகளின் எஃகுக் கால்களையும் மேல்தளங்களையும் அங்கே பற்றவைத்து உருவாக்கிப் படகில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாம் துண்டறிக்கையில் பார்க்கும் அந்த இரும்புக் கோபுரத்தின் கால் நம் மாவட்டத்து மண்ணில் படுத்துக் கிடக்கிறது! அந்தக் கடற்கரைத் தொழில்களால் மீனவர் குடும்பங்களுக்கு நேர்ந்த இழப்பும், துறைமுக விரிவாக்கத்தை அவர்கள் எதிர்ப்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அது தனிக் கட்டுரைக்குரிய வழக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் எஃகு உருட்டாலைகளும் வெல்டிங் பட்டறைகளும் எத்தனையோ உள்ளன. அழுத்தக்கலம், வால்வு, குழாய், பற்றுத் தையலைச் சோதித்தல், பாரம் தூக்குதல், அனுமதிச் சீட்டு எழுதுதல், இவையெல்லாம் ரிக்கிலும் இவைதாம். இங்கே இரண்டாண்டு இதில் ஊறியவனுக்கு ரிக் பராமரிப்புப் பிரிவில் கேட்கப்படும் கேள்விகள் புதியனவாக இரா. ரிக்கிலும் அவன் அடிமட்டத்திலிருந்துதான் ஏறவேண்டும். தளத்தைக் கழுவுவது, பெயின்ட் அடிப்பது, குழாய் பிடிப்பது. வெளிநாட்டு நிறுவனங்களில் பயிற்சிப் பொறியாளனையும் சில மாதம் இந்த வேலைகளில் போட்டுத்தான் எடுப்பார்கள். 'பி.இ. படித்துவிட்டு இதையா செய்வது' என்று முகம் சுளிப்பவன் அங்கே நிலைக்க மாட்டான். சுளிப்பு போகவேண்டிய இடம் கும்மிடிப்பூண்டிதான். அங்கிருந்து மாலை வண்டியில் வீடு திரும்பலாம்.

"பட்டறையில் பதினைந்தாயிரம் தருவான், அதற்கா என் மகனைப் படிக்க வைத்தேன்?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். கல்விக் கடன் வட்டி ஏறுகிறது, தங்கைக்கு வயது ஏறுகிறது. இதற்கு என்னிடம் இனிப்பான பதில் கிடையாது. தொடக்கச் சம்பளம் நம் பகுதியில் வெட்கக்கேடாகக் குறைவு. அதை உயர்த்தாமல் 'உள்ளூர்ப் பையன்கள் வேலைக்கு வருவதில்லை' என்று முதலாளிகள் புலம்புவது வேடிக்கை. இருந்தாலும் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு கற்பது ஒன்று. இரண்டரை லட்சம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வேறொன்று.

எண்ணெய் யுகமே முடியப் போகிறதே, இந்நேரத்தில் இதில் நுழைவது அறிவா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியட்டும். பழைய கிணறுகளைப் பத்திரமாக மூடவும், மேடைகளைப் பிரித்தெடுக்கவும், கடலில் காற்றாலை நாட்டவும் இதே கைகள்தாம் வேண்டியிருக்கும். காவிரிப் படுகை வயல்களில் துளையிடுவதைப் பற்றி என் கருத்து வேறு. 2020-இல் தமிழக அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியதை வரவேற்றவன் நான்.

அன்று நண்பர் அரை மனத்தோடுதான் எழுந்து போனார். துண்டறிக்கையை என் மேசையிலேயே விட்டுவிட்டார். வேண்டுமென்றா மறந்தா, தெரியவில்லை.

பையன் ஆவணியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். விடியற்காலை வண்டியைப் பிடித்துப் பேசின் பிரிட்ஜில் இறங்கி மறு வண்டி ஏற வேண்டும். போக இரண்டு மணி, வர இரண்டு மணிக்கு மேல். பொங்கல் முடிந்து ஒரு நாள் நண்பர் வந்தார். முகம் சரியாக இல்லை.

"பாரம் தூக்கறப்போ ஸ்லிங் கம்பியில இழை அறுந்திருக்குன்னு இவன் கையைக் காட்டி கிரேனை நிறுத்திட்டானாம் சார். ரெண்டு மணி நேரம் வேலை நின்னு போச்சு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டித் தீர்த்துட்டாராம். புது எடம், பேர் கெட்டுடுமோன்னு பயமா இருக்கு."

"ஸ்லிங்கை மாத்தினாங்களா?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். "மாத்தினாங்களாம்."

வரும் பிப்ரவரியில் கேட் எழுதப் போகிறான். பேசின் பிரிட்ஜில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறானாம்.